கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஜூன் 2, திங்கள்

புது வேலையில் முதல் நாள். உட்கார்ந்து அடுத்தவர்களை வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? எங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, மலிவுக் கட்டண விமானங்களுக்கென்று புது டெர்மினல் ஒன்று கட்டப் போகிறார்கள். வரைபடம் முடிவாவதற்குள், இங்கே வருகிற ஜனம் எங்கே உட்காருகிறது, எதைத் தின்கிறது, எங்கே நின்று அழுகிறது என்று பார்த்து எழுதித் தர வேண்டும். வீட்டுக் கணக்கெடுப்பு, கொசுப்புழுக் கணக்கெடுப்பு என்று பதினைந்து வருஷம் வாசல் வாசலாக ஏறி இறங்கி நாய்க்கடி வாங்கியவளுக்கு ஒரு நாற்காலியும் தலைக்கு மேலே ஒரு மின்விசிறியும் கிடைத்திருக்கின்றன.

டிசைன் கம்பெனியின் முகுந்தன் சார் சென்னைக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "ஊருக்கு ஊர் பழக்கம் வேற மேடம். கட்டடம்தான் ஜனங்களுக்கு ஏத்த மாதிரி மாறணும், ஜனங்க மாறக் கூடாது" என்றார். கேட்க நன்றாக இருந்தது. படித்த பிள்ளை.

வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து வருகிறார். ஒட்டடை அடிக்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

வேலை நேரத்திலேயே வந்து இறங்கினார். என் நோட்டில் அவரையும் எழுதினேன்: ஷார்ஜா விமானம், ஆண், தனியாக, அட்டைப்பெட்டி மூன்று, அழைக்க வந்தவர் ஒருவர். அந்த ஒருவர் நான்தான். எழுதிவிட்டு எழுந்து போய்த் தள்ளுவண்டியைப் பிடித்தேன்.

ரெண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. இளைத்திருக்கிறார். நாற்பத்தொன்பது வயது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், கூடவே சொல்வார்கள். ஆட்டோவில் ஏறியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எத்தன நாளுங்க லீவு?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் வேலை பார்க்கிற சபுராளி வந்து இறங்கினால் முதல் கேள்வி அதுதான். தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் கேட்பார்கள். அவர் வெளியே பார்த்துக்கொண்டு, "நாப்பத்தஞ்சு" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஜூலை இருபது, ஞாயிறு.

பெட்டியைப் பிரித்தோம். வழக்கமான பால்பவுடர், தைலம், சோப்பு எல்லாம் கொஞ்சம்தான். மற்றபடி அவருடைய தலையணை, கம்பளி, இஸ்திரிப் பெட்டி, அறையில் சமைக்கிற குக்கர், ஒரு சுவர்க் கடிகாரம். இதையெல்லாம் எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்றேன். ரூம் மாற்றுகிறார்களாம், புது ரூமில் இடமில்லையாம். சரிதான், இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

தெருவே வந்து போயிற்று. வந்தவர்கள் எல்லாரும் அதே கேள்வி. எப்ப வந்தே, எப்பத் திரும்புறே. அவரும் சலிக்காமல் ஜூலை இருபது, ஜூலை இருபது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாத்தனார் மட்டும் நாலு தடவை கேட்டிருப்பாள்.

சாயங்காலம் அந்தக் கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டினார். ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, ஷார்ஜா நேரம். முள்ளைத் திருப்பி நம்ம நேரம் வைத்தார். ஸ்டூலில் நின்றபடியே கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். ஸ்டூலுக்குக் கால் ஆடுகிறது, ஆணி அடிக்கச் சொல்ல வேண்டும்.

ஜூன் 11, புதன்

வேலை பிடித்திருக்கிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு ஜாதி ஜனம். கோலாலம்பூர்க்காரர்கள் சக்கரப்பெட்டியோடு வருவார்கள், எடை மேடையை விட்டு நகர மாட்டார்கள், சேலையை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மக்காவுக்கு உம்ரா போகிற கூட்டம் வெள்ளைத் துணியில் வரும், கால் கழுவ இடம் இல்லாமல் கை கழுவுகிற தொட்டியில் காலைத் தூக்கி வைக்கும், தரையெல்லாம் தண்ணீர். வடக்கே வேலைக்குப் போய் வருகிற பையன்கள் ஒரு பையோடு தனியாக வந்து, செல்போன் சார்ஜ் போடுகிற சுவரோரம் சுருண்டு படுப்பார்கள். வளைகுடா விமானம் என்றால் போகிறவர் ஒருவர், அனுப்ப வருகிறவர் எட்டுப் பேர், நாலு அடுக்கு டிபன் கேரியர், கைக்குழந்தை ஒன்று. வேன் பிடித்து வருவார்கள். விமானம் மேலே ஏறிக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள்.

தள்ளுவண்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஷாகுலண்ணன் எனக்குப் பெட்டி படிக்கக் கற்றுக் கொடுத்தார். இருபது வருஷமாகப் பார்க்கிறவர். ஆறு பக்கமும் மார்க்கர் பேனாவில் பேர் எழுதியிருந்தால் முதல் பயணமாம். டிவி பெட்டி என்றால் வீட்டில் கல்யாணமாம். "தலகாணி, குக்கரு, கம்பளின்னு ரூம் சாமானோட வந்தா, முடிச்சிட்டு வந்தாச்சுன்னு அர்த்தம் தங்கச்சி. கம்பெனி அனுப்பிருச்சுன்னு அர்த்தம். திரும்பிப் போற ஆளு எவன் தலகாணியத் தூக்கிட்டு வருவான்?" என்றார்.

நல்ல தகவல். அறிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

அவருடைய தலையணைக்கு உறை தைத்தேன். பழையது எண்ணெய்ப் பிசுக்கு.

ஜூன் 16, திங்கள்

இன்றைக்குக் கண்ணாடியைப் பற்றி எழுதச் சொன்னார் முகுந்தன் சார். டெர்மினலின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. டிக்கெட் உள்ளவர் காவலரிடம் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். வந்த கூட்டம் வெளியே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். பெட்டி போடுகிற இடம், வரிசை, பாதுகாப்புச் சோதனைக்குப் போகிற வாசல் வரைக்கும் தெரியும். உள்ளே போனவர் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பக் கண்ணாடிக்கு வருவார். இந்தப் பக்கம் இருந்து ஒரு போன், அந்தப் பக்கம் இருந்து ஒரு போன். நடுவில் ஒரு விரல் தடிமன் கண்ணாடி. முகத்தைப் பார்த்துக்கொண்டே போனில் பேசுவார்கள். மற்ற ஊர் விமான நிலையங்களில் இப்படிப் பார்த்ததே இல்லை என்றார் சார். படம் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்காரர் வீட்டில் வாய் திறக்க மாட்டார். சோறு, தண்ணி, சரி, அவ்வளவுதான். மனசில் இருப்பதை எல்லாம் லீவு முழுக்க வைத்திருந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த்தான் சொல்வார். அந்தப் பக்கம் போனால் அவருக்கு என்ன தைரியம் வருமோ. ஒரு தடவை, "அந்தப் பச்சைச் சேலை உனக்கு நல்லா இருந்துச்சு" என்றார். கட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது.

இன்னொரு தடவை, எட்டு வருஷம் முன்னால். அதுவரைக்கும் பிள்ளை இல்லை என்று ஊர் என்னைப் பேசாத பேச்சு இல்லை. அரச மரம் சுற்றாத கிழமை இல்லை. அன்றைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, போனில், "பஞ்சு, டாக்டர் கொற சொன்னது என்னையத்தான். ஒன்னையில்ல. அப்பவே சொல்லிருக்கணும்" என்றார். என் கையில் இருந்த போனை நான் எப்படிக் கீழே போடாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. அழுதேன், கண்ணாடியில் அவர் கை இருந்த இடத்தில் என் கையை வைத்தேன். ஒன்பது வருஷம் ஏச்சு வாங்கியவளுக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. வெளியே நாத்தனார், கொழுந்தன் எல்லாரும் நின்றார்கள். ஒருத்தருக்கும் காது கேட்கவில்லை.

இதையெல்லாம் அறிக்கையில் எழுத முடியுமா? 'கண்ணாடி அவசியம்' என்று மட்டும் எழுதினேன். ரெண்டு தடவை அடிக்கோடு போட்டேன்.

ஜூன் 19, வியாழன்

வாசல் காவலரிடம் ஒரு பேரேடு இருக்கிறது. உள்ளே போன பயணி விமானம் ஏறாமல் வெளியே வந்தால் அதில் பேர், நேரம், காரணம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். தினமும் அதை நகல் எடுப்பதும் என் வேலை. ஒரு நாளைக்கு ரெண்டு பேர், மூன்று பேர். விசா தகராறு, பாஸ்போர்ட்டில் கோளாறு, ஏஜென்ட் ஏமாற்றியது. முன்வாசலில் வீட்டு ஜனம் நிற்கும் என்பதால் அவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிடுவார்களாம்.

"அப்பறம் எங்க போவாங்க?" என்று ஷாகுலண்ணனிடம் கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜ் இருக்கிறதாம், அங்கே போய்ப் படுத்துக்கொள்வார்களாம். ஒருத்தர் பத்து நாள் அங்கேயே கிடந்து, துபாயில் இருந்து பேசுவது போல வீட்டுக்கு போன் பேசிக்கொண்டிருந்தாராம். வேன் வைத்து வழியனுப்பின ஊரில் எந்த மூஞ்சியோடு போய் இறங்குவது என்று சொன்னாராம்.

இப்படியும் ஒரு மனுஷன், பெண்டாட்டியிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றேன். ஷாகுலண்ணன் வண்டிகளை வரிசைப்படுத்தப் போய்விட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

இவர் டவுனுக்குப் போகிறார், வருகிறார். ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் பார்த்ததாக நாத்தனார் சொன்னாள். திரும்பிப் போகிற டிக்கெட்டை உறுதி செய்யப் போயிருப்பார். முன்பெல்லாம் கம்பெனியே டிக்கெட் கொடுத்துவிடும். இப்போது கம்பெனிகள் எல்லாம் மாறிவிட்டன.

மொட்டை மாடித் தொட்டி நிரம்பவில்லை. மோட்டார் கோளாறு. அவரே பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 29, ஞாயிறு

நாளைக்குள் அறிக்கை வேண்டும் என்று நேற்றிலிருந்து விரட்டல். இன்று பூராவும் எழுதினேன். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், கடையில் என்ன வாங்கினார்கள் (நாலு பேருக்கு ஒரு டீ, வாங்காமலே இருப்பவர்கள் அதிகம்), எல்லாம் தெளிவாக எழுதிவிட்டேன். 'உட்காரும் பழக்கம்' என்று கடைசியில் ஒரு கேள்வி பாக்கி. ஒரு பக்கம் விளக்கமாக எழுத வேண்டும் என்று குறிப்பு.

அந்த நேரம் பார்த்து அவர் அடுப்படியில் இருந்து கூப்பிட்டார். மீன் குழம்பு வைத்திருக்கிறார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அங்கே அறையில் முறை வைத்துச் சமைத்த பழக்கமாம். "ஆறிரும், வா" என்றார். நான் அவசரமாக, 'இந்தப் பயணிகளும் குடும்பத்தினரும் நாற்காலியைவிடத் தரையில் உட்காரவே விரும்புகிறார்கள்' என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

குழம்பு அப்படி ஒரு ருசி. புளி கரைக்கிற பக்குவம் எனக்கே அப்படி வராது. ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, நல்ல சாப்பாடு என்பதால்.

ஜூலை 3, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது.

ஜூலை 9, புதன்

இன்று கூட்டம். பெரிய திரையில் முகுந்தன் சார் படம் போட்டுக் காட்டினார். தலைப்பு, 'பயணிகளின் பண்பாட்டுக்கேற்ற முனையம்'. என் பேரும் கீழே சின்னதாக இருந்தது. நான் நல்ல சேலை கட்டிப் போயிருந்தேன்.

முதல் வரியே என் வரி. தரையில் உட்காரவே விரும்புகிறார்கள். ஆகவே நானூற்று இருபது நாற்காலிகள் தேவையில்லை, அறுபது போதும். அது செலவைக் குறைப்பது அல்லவாம், பண்பாட்டை மதிப்பதாம். அதிகாரிகள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அட பாவிகளா, அவர்கள் ஏன் தரையில் உட்காருகிறார்கள்? இருக்கிற நாற்காலிகள் எல்லாம் ஒரே திசையில், இரும்பில் கோத்து, நடுவில் கைப்பிடி வைத்து இருக்கின்றன. போகிற மனுஷனை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார வேண்டும் என்றால் தரையை விட்டால் வேறு இடம் ஏது? அதைத்தான் ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டும். எழுந்து சொன்னேன். "டேட்டா நீங்க குடுத்ததுதானே மேடம்" என்று முகுந்தன் சார் மரியாதையாகத்தான் சொன்னார்.

அடுத்த படம் கண்ணாடி. வழியனுப்ப வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் விமானம் கிளம்புகிற வரைக்கும் போவதில்லை, சராசரியாக ரெண்டு மணி ஐம்பது நிமிஷம் நிற்கிறார்கள், ஒன்றும் வாங்குவதில்லை. அதுவும் நான் கொடுத்ததுதான். ஏன் நிற்கிறார்கள் என்றால் உள்ளே தெரிகிறது, அதனால் நிற்கிறார்கள். தெரியாவிட்டால் போய்விடுவார்களாம். ஆகவே புது டெர்மினலுக்கு முன்பக்கம் கண்ணாடி கிடையாது, விளம்பரச் சுவர். சோதனைக்காக, இப்போது இருக்கிற கண்ணாடியையும் ரெண்டு வாரம் பலகை வைத்து மறைத்துப் பார்ப்பார்களாம்.

பதினெட்டாம் தேதியிலிருந்து.

ஜூலை 11, வெள்ளி

முகுந்தன் சாரைத் தனியாகப் பார்த்தேன். பலகையை இருபத்தொன்றிலிருந்து வைக்கலாமே என்றேன். ஏன் என்று கேட்டார். சனி ஞாயிறு கூட்டம் ஜாஸ்தி, முதல் நாளே தகராறு வரும் என்றேன். கூட்டம் ஜாஸ்தியாக இருந்தால்தான் சோதனை சரியாக இருக்கும் என்றார். வேறு ஏதாவது காரணம் உண்டா என்று கேட்டார். அவர் மனசு இரங்கித்தான் கேட்டார், எனக்குத் தெரிந்தது. இருபதாம் தேதி என் வீட்டுக்காரர் போகிறார், அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றால்தான் பேசுவார், இந்தத் தடவை அவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று ஒரு ஆபீசரிடம் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை சார் என்று வந்துவிட்டேன். கழுதை, நாக்கு எதற்கு இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

கருவாட்டுத் தொக்கு, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் மூன்றும் முடித்தேன். அட்டைப்பெட்டி எடுத்து வைத்தேன், வேண்டாம் என்றார். ஒரு பைதானாம். தொக்கையும் பொடியையும் மட்டும் பையில் வைத்துக்கொண்டார். தலையணையைக் கேட்டேன். "அங்க வேற குடுப்பாங்க" என்றார்.

சாயங்காலம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பஞ்சு" என்றார். என்னங்க என்றேன். கொஞ்ச நேரம் வெங்காயத் தோலைப் பொறுக்கிக் குவித்தார். நான் கேட்டிருக்கலாம். அவர் வாயில் இருந்து வருவதைத் தாங்க முடியுமா என்று எனக்குப் பயம். கண்ணாடிக்குப் போனதும் சொல்லட்டும், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பலகை வரப் போகிறது என்பது எனக்கு அந்த நிமிஷம் மறந்தே போய்விட்டது, சத்தியமாக. நாத்தனார் உள்ளே வந்தாள். எத்தனை மணிக்கு பிளைட் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஜூலை 18, வெள்ளி

பலகை வைத்துவிட்டார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தலைக்கு மேல் ஒரு முழம் உயரம். உள்ளே இருந்து வெளியேயும் தெரியாது, வெளியே இருந்து உள்ளேயும் தெரியாது. ஜனங்கள் வந்து பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள். ஒரு அம்மா குனிந்து அடியில் இடைவெளி இருக்கிறதா என்று தேடியது. அரை மணி நேரம் நின்றுவிட்டு ஒவ்வொரு வேனாகக் கிளம்பிப் போயிற்று. யாரும் சத்தம் போடவில்லை. அரசாங்கம் வைத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற ஜனம்.

சராசரி முப்பத்தாறு நிமிஷம். எழுதிக் கொடுத்தேன். முகுந்தன் சார் போனில் பாராட்டினார்.

வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் போகிற நேரத்தில் மனசு கெடும்.

ஜூலை 20, ஞாயிறு

பத்தரை மணி விமானம். ஏழு மணிக்கே கிளம்பினோம். வேன் வேண்டாம், யாரும் வர வேண்டாம், நாத்தனார்கூட வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். ஆட்டோவில் நாங்கள் ரெண்டு பேரும்தான். வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார்.

வாசலில் இறங்கினதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். இந்தத் தடவை உள்ளே தெரியாதுங்க, சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுங்கள் என்று. வார்த்தையை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "போயிட்டு வர்றேன்" என்றார். காவலரிடம் டிக்கெட்டைக் காட்டினார், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய்விட்டார். அவ்வளவு வேகமாக அவர் போனதே இல்லை. போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று பிறந்ததிலிருந்து பழகிய வாய். திறக்கவில்லை.

பலகைக்கு முன்னால் போய் நின்றேன். வழக்கமாக நாங்கள் நிற்கிற இடம் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது.

"எங்க நிக்கிற? ஒண்ணும் தெரியலியே."

"மூணாந் தூண்லதாங்க நிக்கிறேன். பலகை வச்சிருக்காங்க. பலகைக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்."

"நானும் மூணாந் தூண்லதான் நிக்கிறேன்" என்றார்.

அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது. நான் பலகையில் கை வைத்தேன். அவரும் வைத்தாரோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்களே என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல பஞ்சு. நீ வீட்டுக்குப் போ. வெயில்ல நிக்காத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் போகவில்லை. விமானம் ஏறி மறைகிற வரைக்கும் நின்றேன். இன்றைய சராசரியை நான் ஒருத்தியே கெடுத்திருப்பேன். இன்று எனக்கு விடுமுறை, அதனால் என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சாயங்காலம், வந்து சேர்ந்துவிட்டேன் என்று வாட்ஸப்பில் பேசினார். சந்தோஷம் என்றேன். குரல் நன்றாகத் தெளிவாகக் கேட்டது.

ஜூலை 21, திங்கள்

வாசல் பேரேட்டை நகல் எடுத்தேன். நேற்றைய பக்கத்தில் மூன்று பேர்.

மூன்றாவது: மு. கோட்டைச்சாமி, 49, ஷார்ஜா. உள்ளே சென்றது 7.40. வெளியேறியது 9.05, பக்கவாட்டுக் கதவு. காரணம், விசா வரவில்லை. கீழே கையெழுத்து. அந்தக் கோணல் 'கோ'வை எனக்குத் தெரியாதா? கல்யாணப் பதிவில் என் பேருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கழிப்பறையில் போய் நின்றேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பிறகு வந்து மூன்று பெயரையும் ஒழுங்காக நகல் எடுத்தேன். நகலில் எனக்குத் தப்பு வராது.

ஒன்பது ஐந்து. என்னிடம் போனை வைத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் முன்பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவர் பக்கவாட்டில் இறங்கிப் போயிருக்கிறார். கண்ணாடி இருந்திருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு நிச்சயம். என் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார், வாங்க வீட்டுக்குப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். ஊர் என்ன சொன்னால் என்ன? எனக்கு ஊர் பேச்சு புதிதா?

மத்தியானம் முகுந்தன் சார் கேட்டார். பலகையைப் பற்றி யாராவது புகார் சொன்னார்களா?

இல்லை சார் என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

கம்பளியைத் துவைத்துக் காயப் போட்டேன். மழை வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஷாகுலண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த லாட்ஜின் பேரைச் சொல்ல வாயெடுத்தார். அண்ணே வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன். நான் போய்க் கதவைத் தட்டி, அவர் திறந்து, என் முகத்தைப் பார்த்தார் என்றால், அதற்குப் பிறகு அந்த மனுஷன் இருக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

சாயங்காலம் பேசினார். வேலை எப்படி என்றேன், பரவாயில்லை என்றார். வெயில் ஜாஸ்தி என்றார். இங்கேயும்தான் என்றேன். "சோத்துக்குத் தொக்குதான் தொட்டுக்கிட்டேன். நல்லா இருந்துச்சு" என்றார். அது ஒன்றாவது நிஜமாக இருக்கும். தொக்கு தீர்வதற்கு இன்னும் ஒரு வாரம் ஆகும், அளவாகப் போட்டுக்கொண்டால். "சரி, மணி ஏழரையாச்சு, வைக்கிறேன்" என்றார். நிமிர்ந்து கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழரைதான். அவர் சொன்ன ஊரில் ஆறுதான் ஆகியிருக்க வேண்டும்.

வைப்பதற்கு முன்னால் நான் கேட்டேன். கேட்காவிட்டால் இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"அடுத்த லீவு எப்பங்க?"

"ரெண்டு வருஷம் ஆகும் பஞ்சு."

சரிங்க என்றேன்.

நான் தினமும் போகிற பஸ், பஸ் ஸ்டாண்டுக்குள் போய்ப் பத்து நிமிஷம் நின்றுதான் கிளம்பும். நாளையிலிருந்து பைபாஸ் வழியாகப் போகிற பஸ்ஸில் போக வேண்டும். அரை மணி நேரம் முன்னால் எழுந்திருக்க வேண்டியிருக்கும்.